நீவி விடாத கால்

வேப்பந்தட்டை
12.6.2023

என் கட்டெறும்புக்கு,

அக்கா பூங்காவனம் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீ நலமா என்று எழுதக் கை வரவில்லை. நீ காலை இழுத்து இழுத்து பஸ் ஏறியதை வாசலில் நின்று பார்த்தவள் நான்.

உன் போனுக்கு அடித்து ஓய்ந்துவிட்டேன். அணைத்தே வைத்திருக்கிறாய். எங்கள் வீட்டு போன் எப்போதும் பிள்ளைகள் கையில் கிடக்கிறது. நான் பேசினால் நாலு காது கேட்கும். அதனால்தான் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிரிக்காமல் படி.

வெற்றிச்செல்வி சடங்குக்கு நம் பிறந்த வீட்டுப் பக்கம் என்று வந்து நிற்க நீ ஒருத்திதான் உண்டு. திருமழபாடியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாய். நீ தைத்துக் கொண்டுவந்த அரக்குப் பாவாடையைத்தான் அவள் முதலில் கட்டினாள். ஊரே அந்த மடிப்பைப் பார்த்து யார் தைத்தது என்று கேட்டது. ஆனால் நீ பந்தியில் உட்காரவில்லை. எல்லாரும் சாப்பிடுகிற நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். உன் அத்தான் வாழை இலை போட்டுவிட்டு உன்னைத் தேடினார்.

நீ கோபித்துக்கொண்டது எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து புடவையைத் தூக்கிக் காட்டினாய். இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கித்தான் இருந்தது. "பஸ்ஸுல மடக்கி உக்காந்து சுளுக்கிடுச்சுக்கா, கொஞ்சம் நீவி விடு" என்று கேட்டாய். நான் "இன்னிக்கு வேணாண்டி, சடங்கு வூடு" என்றேன். அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு கோபமா?

வெற்றிச்செல்வியும் அறிவுச்செல்வனும் பிறந்ததிலிருந்து, இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விடும் என்று இந்த ஊர் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்துப் பிடித்தவன், இடுப்புப் பிடித்தவள், எல்லாம் என் வாசலில்தான். நம் வீட்டு விசேஷத்தன்றைக்காவது என்னைச் சும்மா இருக்க விடக் கூடாதா? நூறு வேலை. கை முழுக்க மஞ்சள் வேறு.

கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா


அரியலூர்
20.6.2023

அக்கா,

உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு பொன்னாயி ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஆமாம், ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுவதால் கோடு கோணும்.

முதலில் உனக்குப் பதில். கை முழுக்க மஞ்சள் என்கிறாய். அன்று காலையில் பந்தல் போட வந்தவனுக்கு மணிக்கட்டு பிசகிற்று என்று நீ வாசலிலேயே உட்கார்ந்து எண்ணெய் போட்டு நீவி விட்டாயே, அப்போது அது சடங்கு வீடு இல்லையா? போன தை மாதம் ஒரு வெள்ளாட்டுக்கு முன்னங்கால் பிசகியதற்கும் நீவினாய். நானே பார்த்தேன். ஆட்டுக்குப் பிறகுதான் நானா?

நீ ஏன் நீவவில்லை என்று எனக்குத் தெரியும். உன் வீட்டுக்கு நான் வந்தால் மேல் தட்டிலிருந்து ஓரம் நெளிந்த ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுப்பாயே, அன்றிலிருந்தே தெரியும். நான் ஒன்றும் சொன்னதில்லை. டீ நன்றாக இருக்கும், குடித்துவிட்டுப் போவேன். ஆனால் அன்றைக்கு என் கால் வலித்தது அக்கா. வலிக்கும்போது ரோஷம் ஜாஸ்தி வரும்.

இப்போது கேள். ஊருக்கு வந்து இரண்டு நாள் நானே தைலம் தடவிக்கொண்டு கிடந்தேன். கால் உரல் மாதிரி ஆகிவிட்டது, தொட்டால் சுடுகிறது. பொன்னாயிதான் ஆட்டோ வைத்து அரியலூருக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். டாக்டர் காலைப் பார்த்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "யாராச்சும் நீவி விட்டாங்களாம்மா?"

"இல்லீங்க சார். எங்கக்கா ஊருக்கே நீவுவா. எனக்கு மாட்டேன்னுட்டா" என்றேன். என் கோபத்தை அவரிடமா காட்டுவது? ஆனால் வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா நீவியிருந்தா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க" என்றார்.

ஸ்கேன் எடுத்தார்கள். அது சுளுக்கே இல்லை. காலுக்குள் ஓடுகிற பெரிய ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்து அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். அழுத்தி நீவினால் அந்தக் கட்டி பிய்ந்து, ரத்தத்தோடே மேலே ஓடி, நுரையீரலில் போய் அடைக்குமாம். அதற்கப்புறம் மூச்சு இல்லை. வயிற்றில் ஊசி போட்டு ரத்தம் உறையாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆக, நீ என்னைத் தொட மாட்டேன் என்றதால் நான் உயிரோடு இருக்கிறேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். வாய் வரவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை.

ஜெயசுதா


வேப்பந்தட்டை
2.7.2023

கட்டெறும்பே,

உன் கடிதத்தைக் கொல்லையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உலையில் அரிசி குழைந்துபோயிற்று.

எனக்கு நன்றி சொல்லாதே. அந்த டாக்டருக்குச் சொல்லு. பொன்னாயிக்குச் சொல்லு, அவள் யாரோ, உன்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாளே. நான் வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போய் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தேன். வேறு யாருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

டம்ளரைப் பற்றி எழுதியிருந்தாய். நெளிந்திருக்கிறதென்றுதான் தனியாக வைத்தேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம்.

இப்போது யார் வந்தாலும் நான் கால் நீவுவதில்லை. கழுத்து, மணிக்கட்டு என்றால் பார்க்கிறேன். கால் வீங்கி வந்தால் "வேப்பந்தட்டை ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் தொட மாட்டேன்" என்கிறேன். நேற்று ஒரு பெரியவர் பையனோடு வந்து, "ரெட்டைப்புள்ள பெத்த திமிரு, கை வலிக்குதாம்" என்று பேசிவிட்டுப் போனார். பேசட்டும்.

உடனே வந்து பார்க்க முடியவில்லை. வெங்காயம் குவித்து வைத்த பட்டறையிலேயே அழுகுகிறது, பொறுக்கிப் போட ஆள் இல்லை. உன் அத்தானுக்கும் காய்ச்சல். இதைக் கொண்டுவருகிற பையனிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். அறிவுச்செல்வனின் வாத்தியார் மகன், அரியலூரில் படிக்கிறான். டப்பாவில் இருப்பது முருங்கைக்கீரைப் பொடி. நம் கொல்லை மரத்துக் கீரை. நிழலில் காயவைத்து, சீரகம், மிளகு, உளுந்து வறுத்து, என் கையால் இடித்தது. உரலில்தான் இடித்தேன், மிக்ஸியில் போடவில்லை. காலையும் இரவும் சூடான சோற்றில் இரண்டு கரண்டி போட்டு நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு. கெட்ட ரத்தம் போய் நல்ல ரத்தம் ஊறும். தீர்ந்ததும் சொல்லி அனுப்பு. மரம் முழுக்கத் துளிர்த்திருக்கிறது.

அக்கா


திருமழபாடி
19.8.2023

அக்கா,

டப்பா வந்த அன்றே திறந்து முகர்ந்து பார்த்தேன். அம்மா இடிக்கிற அதே வாசம். காலையும் இரவும் சாப்பிட்டேன். நீ இரண்டு கரண்டி என்றாய், நான் மூன்று போட்டேன். உன் கையால் எனக்கென்று ஒன்று வந்து எத்தனை காலம் ஆயிற்று. இரண்டாவது டப்பாவும் பாதி தீர்த்துவிட்டேன். தெருவே "உன் மேல கீரை வாசம் அடிக்குதுடி" என்று கேலி செய்தது. மனசார உனக்கு நன்றி அக்கா. இந்த முறை வாய் வந்துவிட்டது.

ஆனால் இனிமேல் அனுப்பாதே. கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி.

ரத்தம் உறையாமல் இருக்க எனக்கு ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த முறை பார்த்தால் மாத்திரை சாப்பிடாதவள் ரத்தம் மாதிரி இருக்கிறதாம். டாக்டர் நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்துச் சத்தம் போட்டார். நான் அழுதேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற ஆர்த்தி மேடம் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் தினமும் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், எங்கக்கா முருங்கைப் பொடி அனுப்புறா மேடம், மூணு கரண்டி சாப்பிடுறேன் என்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கீரையில் இருக்கிற ஒரு சத்து ரத்தத்தை உறைய வைக்குமாம். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, உன் பொடி மறுபக்கம் இழுத்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது நல்லதுதான். எனக்கும் எப்போதாவது கொஞ்சம் கீரை சாப்பிடலாம், ஒரே அளவாக. இப்படிக் கரண்டி கரண்டியாகத் திடீரென்று அள்ளிப் போட்டால் காலில் மறுபடி கட்டிவிடும்.

மீதிப் பொடியை பொன்னாயிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பிள்ளைகள் சோகை பிடித்த மாதிரி இருக்கின்றன.

இன்னொன்று. நீ கடிதத்தில் எங்கேயும் என் நோயின் பெயரை எழுதுவதில்லை. நேரில் பேசினாலும் "உன் உடம்பு" என்பாய். அதற்கு எச்.ஐ.வி. என்று பெயர். என் புருஷன் ராஜராஜன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி எங்கெங்கோ போய் வாங்கி வந்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் செத்துப்போனதிலிருந்து ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். கிருமி ரத்தத்தில் கண்ணுக்கே தட்டுப்படவில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் மேடம் எனக்கு ரத்தம் கட்டுகிறது என்று கேட்டேன். "கிருமி அடங்கித்தான் கெடக்கு. ஆனா உடம்பு அதோட சண்டைய நிறுத்தவே இல்ல. அந்தச் சண்டையில ரத்தக் குழாயோட உள்பக்கம் கொஞ்சங் கொஞ்சமா புண்ணாகுது, ரத்தமும் சீக்கிரம் உறையுது" என்றார். உங்கள் வயலில் சொட்டுநீர்க் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைக்குமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. காலோடு போகாதாம். நெஞ்சு, மூளை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

பயமாக இருக்கிறது அக்கா. வேறு யாரிடம் சொல்ல?

ஜெயசுதா


வேப்பந்தட்டை
27.8.2023

ஜெயசுதாவுக்கு,

என் கை பட்டதை ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய். சரி.

அம்மா செத்தபோது உனக்குப் பால் பல் விழவில்லை. பிறந்த வீட்டு முருங்கை மரம் இல்லையென்றால் நாம் இரண்டு பேரும் என்ன தின்றிருப்போம்? அந்தக் கீரை உன்னைக் கொல்லுமா? எந்த டாக்டர் சொன்னார்? கீரை சாப்பிட்டுச் செத்தவர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒன்று கேட்கிறேன். நான் உன்னைத் தொடவில்லை என்று நீ என் பொடியைத் தொட மாட்டேன் என்கிறாயா? அப்படியென்றால் நேராகவே சொல். டாக்டர் மேல் போடாதே.

ஆமாம், பயந்தேன். அன்றைக்கு என் விரலில் காய் நறுக்கிய கீறல் இருந்தது. உன் அத்தான் வேறு பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவள் பயப்படாமல் என்ன செய்வாள்? அதைச் சொல்ல வாய் வராமல்தான் இடித்தேன் அந்தப் பொடியை. இடிக்கும்போது கை கொப்பளித்துவிட்டது. நீ பொன்னாயிக்குக் கொடுத்துவிட்டாய்.

பூங்காவனம்


திருமழபாடி
4.9.2023

அக்கா,

என்னைக் கட்டெறும்பே என்று கூப்பிடாமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. அதனால் கடிக்கிறேன், வாங்கிக்கொள்.

நீ என்னைத் தொடாமல் விட்டதும் நல்லதாகப் போயிற்று. நான் உன் பொடியைத் தொடாமல் விட்டால்தான் பிழைப்பேன். இரண்டுக்கும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நம்மைப் போல் இரண்டு கூறு கெட்டவர்களை ஆர்த்தி மேடம் பார்த்ததே இல்லையாம். உன் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டேன். திட்டு.

நீ பயந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். மஞ்சள், சடங்கு வீடு, நூறு வேலை என்று நீ எழுதியபோது எரிந்தது. பயந்தேன் என்றதும் எரியவில்லை. எனக்கு முதலில் தெரிந்தபோது என் கையை நானே பார்த்துப் பயந்தவள் நான்.

தொட்டால் வராது அக்கா. ஒரே டம்ளரில் குடித்தால் வராது. பக்கத்தில் படுத்தால் வராது. நான் சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் நீயே வா. வந்து மேடத்திடம் உன் வாயால் கேள். இந்த மாதக் கடைசியில் எனக்கு ரத்தம் எடுக்கிற நாள். வெங்காயம் அழுகினால் அழுகட்டும்.

எனக்கென்று இருப்பது நீ ஒருத்தி. பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. காலில் கட்டியது நாளைக்கு எங்கே கட்டுமோ தெரியாது. உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே போய்ச் சேர எனக்கு இஷ்டமில்லை.

கட்டெறும்பு


வேப்பந்தட்டை
9.10.2023

என் கட்டெறும்பே,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பெரம்பலூரில் இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மக்காச்சோளம் கதிர் விட்டிருக்கிறது, இந்த மழை போதும்.

உன் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி எழுத ஆசை, எழுத்துத்தான் போதவில்லை. ஆர்த்தி மேடத்திடம் நான் கேட்ட கேள்விகளுக்கு நீ முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். நான் பார்த்தேன். கொசு கடித்தால் வருமா என்று கேட்டது தப்பா? அந்தப் பெண் ஒரு முகம் சுளிக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. கீறல் இருந்த விரலை நீட்டிக் காட்டினேன். அவர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டே பேசினார். அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் எனக்கு ஒரு வேலை கொடுத்தாரே, அதுதான் எனக்கு மனசு நிறைந்தது. உனக்குக் கொடுத்திருக்கிற அந்த நீளமான இறுக்கு சாக்ஸ். காலையில் கட்டிலை விட்டுக் கால் கீழே வைப்பதற்கு முன்னால் போட வேண்டுமாம், நீயாகப் போட்டால் பாதியில் சுருண்டு நிற்கிறதாம். "நீவக் கூடாதும்மா. ஆனா இதை இழுத்து மாட்டி விடலாம், உங்க கைதான் பலமான கையாச்சே" என்றார். முதல் நாள் உன் குதிகாலில் மாட்டி மேலே இழுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நீ "ஆட்டுக்காலை இழுக்கறாப்ல இழுக்காதக்கா" என்று கத்தினாய். அப்புறம் பழகிவிட்டது. நான் இருந்த வரைக்கும் தினம் காலையில் உன் காலை என் மடியில் வைத்து மாட்டினேன். பேசியிருந்தால் அழுதிருப்பேன்.

ஊருக்கு வந்ததும் உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பார்க்கிறார் என்றுதானே அன்றைக்கு நான் பின்வாங்கியது. மனுஷன் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு சொல்கிறார், "எனக்கு எப்பவோ தெரியும். ராஜராஜன் செத்தப்பவே திருமழபாடியில பேசிக்கிட்டாங்க. நீதான் டம்ளரைத் தனியா வெச்சே. நான் அந்த நெளிஞ்ச டம்ளர்லதான் தெனம் டீ குடிக்கிறேன், அதுல தான் நெறைய புடிக்குது." 

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவருக்குப் பயந்து நான், எனக்குப் பயந்து அவர் வாயைத் திறக்காமல்.

பொன்னாயிக்கு என் கும்பிடு. தினம் காலையில் அவள் வந்து சாக்ஸ் மாட்டி விடுவதாகச் சொன்னாளே, மறக்காமல் வரச் சொல். பொங்கலுக்கு நீ இங்கே வர வேண்டும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், என் பக்கத்தில்.

அக்கா


திருமழபாடி
2.2.2024

அக்கா,

பொங்கலுக்கு உங்கள் வீட்டில் தின்று கொழுத்துவிட்டு வந்தேன் என்று பொன்னாயி சொல்கிறாள். வெற்றிச்செல்வி என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு படுத்ததையும், நீ அவளை விரட்டாமல் போர்வையை இழுத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தியதையும் நினைத்துக்கொண்டே தைக்கிறேன். அதற்கு எப்படி நன்றி சொல்ல? சொன்னால் நீ "போடி" என்பாய். அதனால் அவளுக்கு இரண்டு சுடிதார் தைத்து அனுப்புகிறேன்.

கால் நன்றாக இருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது. மாத்திரை இப்போது சரியாகப் பிடிக்கிறது, டாக்டர் பாராட்டினார். சாயங்காலம் கொள்ளிடக் கரையில் கொஞ்சம் நடக்கிறேன். தையல் மெஷினில் தொடர்ந்து உட்காராமல் நடுநடுவே எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுந்தால் பொன்னாயி டீ கொடுக்கிறாள், அதனால் அடிக்கடி எழுகிறேன்.

நெஞ்சில் மட்டும் எப்போதாவது கல் வைத்தாற்போல் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. மேடத்திடம் சொன்னேன். இதய டாக்டரிடம் காட்ட எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற வாரம் போகிறேன். நீ கவலைப்படாதே. பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் இங்கே வர வேண்டும். கூட்டத்தில் நசுங்காமல் பார்க்க ஒரு வீட்டு மாடியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் ஒன்று நினைத்தேன் அக்கா. இந்தக் கால் வீங்காமல் இருந்திருந்தால் நாம் அந்த டம்ளரோடேயே காலத்தை ஓட்டியிருப்போம். நோய்க்கு யாராவது கும்பிடு போடுவார்களா? நான் போடுகிறேன்.

உன் கட்டெறும்பு


வேப்பந்தட்டை
10.6.2024

என் கட்டெறும்பே,

உனக்கு எழுதக் கூடாது, எழுதி என்ன ஆகப் போகிறது என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். இன்றைக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வேறு யாரிடமும் கேட்க முடியாது.

முதலில் நீ போனதையும் அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்கிறேன். இதய டாக்டரைப் பார்க்கப் போகிற நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் பொன்னாயி போன் செய்தாள். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்றாள். 108 வந்தது, ஏற்றினார்கள், அரியலூர் போகும்போதே முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது உன் டாக்டர் வெளியே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து சொன்னார். நெஞ்சுக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார். "அவங்க எதையும் தவறவிடலம்மா. மாத்திரை, டெஸ்ட், எல்லாம் ஒழுங்கு. சில பேருக்கு இப்படி ஆயிடுது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்குக் கடன்பட்டவள். இல்லையென்றால் என் பொடிதான் கொன்றது என்று இன்றைக்கும் உரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டுவிட்டேன் அவரிடம். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார்.

உன்னைக் குளிப்பாட்ட நானும் பொன்னாயியும்தான் இறங்கினோம். தெருப் பெண்கள் தூரத்தில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆர்த்தி மேடம் லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தது. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் மொண்டு கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். உன் அத்தான் கொள்ளி வைத்தார். அறிவுச்செல்வன் கூடவே நின்றான். உனக்கென்று நிற்க ஆள் இருந்தது, கட்டெறும்பே. நான் அதற்குத்தான் சாமியைக் கும்பிட்டேன்.

நீ என்னைத் திட்டி எழுதினாயே, அந்தக் கடிதத்துக்கும் கும்பிட்டேன். நீ வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் என் தங்கச்சியைத் தொடாமலேயே நான் அனுப்பி வைத்திருப்பேன்.

ஊரில் எல்லாரும் எதில் போனாள் என்று கேட்டார்கள். நெஞ்சு வலி என்றேன். பொய் இல்லை. ஆனால் பாதிதான். வெற்றிச்செல்வியிடமும் அந்தப் பாதியைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் உன் நோயின் பெயர் எனக்கும் உன் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும். நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இன்றைக்குக் காலையில் சசிகலா என்று ஒரு பெண் வந்தாள். நம் ஊர்தான், கீழத்தெரு. பருத்திக்காட்டு வேலைக்குப் போகிறவள். புருஷன் போன வருஷம் இறந்தான். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கால் வீங்கியிருந்தது, இன்னொன்று நன்றாக இருந்தது. "அக்கா, நீவி விடுங்கக்கா, வேலைக்குப் போவணும்" என்றாள். காலைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. இதை நீவக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அவள் எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் மண்ணைக் கீறினாள். "நீங்களும் தொட மாட்டீங்களாக்கா? ஒங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள்.

உன் முகம்தான் எனக்குத் தெரிந்தது. வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாயே, அந்த முகம். அவள் காலைப் பிடித்து என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். நீவவில்லை, சும்மா வைத்துக்கொண்டேன். "தொட மாட்டேன்னு யாருடி சொன்னா? நீவ மாட்டேன்னுதான் சொன்னேன்" என்றேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது, வர மாட்டேன் என்றாள். கெஞ்சிக் கூத்தாடி சம்மதிக்க வைத்திருக்கிறேன். உன் அத்தான் ஆட்டோ சொல்லப் போயிருக்கிறார். வந்ததும் கிளம்பிவிடுவோம். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் நானும் கூடப் போகிறேன்.

அவள் உள்ளே படுத்திருக்கிறாள். காலைத் தலையணை மேல் வைத்திருக்கிறேன். இரண்டு முறை எழுந்து, வேண்டாம் அக்கா, வீட்டுக்குப் போகிறேன் என்றுவிட்டாள். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா, பிழைத்தார்களா என்று கேட்கிறாள். என் தங்கச்சிக்கு ஆயிற்று, கால் சரியாகி நடந்தாள், தைத்தாள், பொங்கலுக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று சொன்னால் இவள் வருவாள். எனக்கு நன்றாகத் தெரிகிறது, வருவாள். ஆனால் அவளுக்கு இருப்பதுதான் உனக்கும் இருந்தது என்றால்தான் நம்புவாள், அதற்கு உன் நோயின் பெயரையும் சொல்ல வேண்டும். ஊர் வாயில் நீ விழுவாய். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எப்படிச் சொல்வது?

ஆட்டோ சத்தம் தெருமுனையில் கேட்கிறது. அவள் மறுபடியும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

உன்னைப் பற்றி அவளிடம் சொல்லட்டுமாடி?